ஒன்பது நாள் வியாழக்கிழமை

என் அம்மா வேலை பார்த்த அலுவலகத்தில் அவளைத் தவிர நான்கு பேர். நான்கு பேருக்கும் படிக்கத் தெரியும். அம்மா இறந்த பிறகு ஒன்பது வேலை நாட்கள் அவர்களில் ஒருவரும் படிக்கவில்லை. பத்தாவது நாள், பழியை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்தார்கள். எதிர்த்துப் பேச முடியாத ஆள் ஒருத்தி தயாராக இருந்தாள்.

அது லிஃப்ட் ஆய்வு அலுவலகம். ஊரில் ஓடும் ஒவ்வொரு லிஃப்டையும் ஆய்வாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பார்கள். கயிறு, பிரேக், கதவு. பார்த்ததை மஞ்சள் சீட்டில் எழுதி, மாலையில் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் டிரேயில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சீட்டைப் பார்த்துக் கடிதம் அனுப்புவது அலுவலகத்தின் வேலை. மொத்தமே இரண்டு வகைக் கடிதம்தான். லிஃப்டை ஓட்டலாம். லிஃப்டை நிறுத்துங்கள். இதற்கு ஐந்து மேஜை.

முதல் மேஜை பிரிவுத் தலைவர். கடிதத்தின் அடியில் தன் கையெழுத்துப் படத்தை ஒட்டுவது அவர் வேலை. இரண்டாம் மேஜை 'ஓட்டலாம்' கடிதங்களைச் சீட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். மூன்றாம் மேஜை 'நிறுத்துங்கள்' கடிதங்களை. நான்காம் மேஜை அச்செடுத்து, அனுப்பும் பதிவேட்டில் எழுதி, உறையில் போட வேண்டும். ஐந்தாம் மேஜை அம்மா. தட்டச்சர்.

தட்டச்சு இயந்திரத்தின் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். கணினி வந்தபோது அவளுக்கு நாற்பத்தேழு வயது. அதை நிறுவிய டெக்னீஷியன் இரண்டு நாள் இருந்தார். போகும்போது கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பது எப்படி என்று ஒரே ஒரு தாளில் எழுதி அம்மா கையில் கொடுத்தார். அவள்தான் கேட்டாளாம். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தாளை அம்மா கடைசி வரை கைப்பையில் வைத்திருந்தாள். மடிப்பில் கிழிந்து நான்கு துண்டாக, பின்னால் டேப் ஒட்டி.

மற்றவர்கள் காலையில் வந்து கோப்பு தேடுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒன்பது மணிக்கு உட்காருவார்கள். 'கடிதம் புதியது', 'கடிதம் புதியது புதியது', 'கடிதம் கடைசி', 'கடிதம் கடைசி இதுதான்' என்று ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவார்கள். சரியான கோப்பு கிடைக்கும்போது தேநீர் நேரம் வந்துவிடும். அம்மா ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினாள். கணினிக்கு இடும் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஒரு கோப்பு, அவ்வளவுதான். காலையில் அரை மணி முன்னதாகப் போய் டிரேயில் இருக்கும் சீட்டுகளை எடுத்துப் படிப்பாள். கட்டடம், முகவரி, குறை, எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் அடிப்பாள். கோப்பின் பெயர் 'இன்று'. மற்றவர்கள் வந்து கணினியைப் போட்டதும் ஸ்கிரிப்ட் தானாக ஓடி அந்தப் பட்டியலைப் படிக்கும். வெற்றுப் படிவத்திலிருந்து கடிதத்தைத் தயாரித்து அவரவர் திரையில் வரிசையாகத் திறந்து வைக்கும். தேதியையும் அதுவே போட்டுக்கொள்ளும்.

பதினோரு வருடம் இப்படி நடந்தது. பதினோரு வருடத்தில் நான்கு பேரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: கணினிக்குத் தெரியும்.

வீட்டிலும் அவள் அப்படித்தான். அப்பா இருந்த வரை அவருடைய சட்டை பொத்தான் கழற்றிய நிலையில் நாற்காலியில் தொங்கும். அப்பா உள்ளே நுழைந்தால் போதும். என் புத்தகப்பையில் அன்றைய பாடவேளை வரிசையில் புத்தகங்கள் இருக்கும். முதலில் கையில் வருவதை எடுத்து மேஜைமேல் வைப்பேன், அதுதான் அந்த வகுப்பு. எட்டாம் வகுப்பு வரை எனக்குக் கால அட்டவணையே தெரியாது. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு பேரைப் பற்றி எழுதும்போது நான் ஐந்தாவது ஆள் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை மாலை, வீட்டுக்கு வரும் பேருந்தில், ஜன்னல் ஓர இருக்கையில் அம்மா இறந்தாள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு நடத்துநர் தோளைத் தட்டியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை நண்பகல் நான்கு பேரும் மலர்வளையத்தோடு வந்தார்கள். பிரிவுத் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா இல்லாமல் ஆபீஸ் ஓடாது என்றார். ஓடியது. நின்ற இடத்திலேயே ஒன்பது நாள் ஓடியது.

'இன்று' கோப்பில் வியாழக்கிழமைப் பட்டியல் இருந்தது. பதினான்கு கட்டடம். பதினொன்று ஓட்டலாம், மூன்று நிறுத்துங்கள். வெள்ளிக்கிழமை காலை கணினியைப் போட்டதும் அதே பதினான்கு கடிதங்கள் புதுத் தேதியோடு திறந்தன. சரிபார்த்தார்கள். எதை எதோடு சரிபார்த்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை, கையில் சீட்டே கிடையாது. தலைவர் கையெழுத்தை ஒட்டினார். அச்செடுத்தார்கள், அனுப்பினார்கள். திங்கட்கிழமை அதே பதினான்கு. செவ்வாய், புதன். அடுத்த வாரமும். பதிவேட்டைப் பிறகு நான் பார்த்தேன். ஒரே பதினான்கு முகவரிகள், நாளுக்கு ஒரு பக்கம், அழகான கையெழுத்து.

மாணவர் விடுதி ஒன்றின் காப்பாளருக்கு 'லிஃப்டை நிறுத்துங்கள்' என்று பத்துக் கடிதம் போயிருக்கிறது. ஐந்தாவது கடிதத்துக்குப் பிறகு அவர் பதில் போட்டிருந்தார்: "முதல் கடிதத்திலேயே நிறுத்திவிட்டேன். இதற்கு மேலும் எப்படி நிறுத்துவது என்று தெரியப்படுத்தினால் செய்யக் காத்திருக்கிறேன்." அந்தக் கடிதம் உறை பிரிக்காமல் டிரேயில் கிடந்தது. அதன் மேல் ஆய்வாளர்கள் போட்ட மஞ்சள் சீட்டுகள். டிரே நிரம்பி வழிந்ததும் இன்னொரு டிரே வாங்கி வைத்திருந்தார்கள். அதை மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முதல் டிரேயின் அடியில், வியாழக்கிழமை மாலை ஓர் ஆய்வாளர் போட்ட சீட்டு இருந்தது. ஒரு துணிக்கிடங்கின் சரக்கு லிஃப்ட். கயிறு தேய்ந்துவிட்டது, உடனே நிறுத்தவும், இரண்டு முறை அடிக்கோடு. அம்மா இருந்திருந்தால் வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அதைப் படித்திருப்பாள். ஒன்பதாவது நாள், புதன்கிழமை, அந்த லிஃப்ட் ஒன்றரை மாடி கீழே விழுந்தது. உள்ளே பொட்டலம் கட்டும் பெண் ஒருத்தி இருந்தாள். கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

மறுநாள் பிரிவுத் தலைவர் எனக்குத் தொலைபேசினார்.

"உங்க அம்மா ஏதோ ஒண்ண கம்ப்யூட்டர்ல வச்சிட்டுப் போயிட்டாங்கம்மா. அது நிக்க மாட்டேங்குது. நீங்க இந்த லைன்லதான இருக்கீங்க? வந்து எடுத்துட்டுப் போயிடுங்க."

குடையை மறந்து வைத்துவிட்டுப் போனவளைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்.

போனேன். மாடியில் நீளமான ஒற்றை அறை, ஐந்து மேஜை. அம்மாவின் நாற்காலியில் அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். நானே இறக்கி வைத்தேன். தலைவர் தேநீர் வரவழைத்தார், பிறகு ஒரு தாளை நீட்டினார். திங்கட்கிழமை விசாரணை. அதற்கு என்னிடமிருந்து ஒரு சின்ன வாக்குமூலம் வேண்டுமாம். ஏற்கெனவே அடித்து வைத்திருந்தார்கள்.

"தொழில் தெரிஞ்சவங்க, அதுவும் சொந்தப் பொண்ணு. நீங்க கையெழுத்துப் போட்டா அதோட முடிஞ்சிரும். அவங்கள யாரும் இனிமே ஒண்ணும் பண்ணப் போறதில்ல. நாங்கதான் இருக்கிறவங்க."

நான் படித்தேன். அந்த அறையில் அது புதுப் பழக்கம். 'காலஞ்சென்ற தட்டச்சர் தன் விருப்பத்தின் பேரில், அலுவலகத்துக்குத் தெரியாமல் அமைத்த நிரலின் கோளாறே இதற்குக் காரணம்' என்று இருந்தது. அலுவலகத்துக்குத் தெரியாது என்பது மட்டும் உண்மை. அம்மா மூன்று முறை சொல்லித்தரட்டுமா என்று அவர்களிடம் கேட்டிருக்கிறாள், என்னிடம் சொல்லியிருக்கிறாள். முதல் முறை பதவி உயர்வுக்கு அடிபோடுகிறாள் என்றார்களாம். இரண்டாம் முறை, அப்புறம் பார்க்கலாம். மூன்றாம் முறை அவளே பட்டியல் எழுதும் முறையை நான்கு வரியில் அடித்து, தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். அதன் மேல் யாரோ ஒரு நாள்காட்டியை வைத்திருந்தார்கள். நகர்த்திப் பார்த்தேன். வாசகம் அப்படியே இருந்தது, மங்கவும் இல்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு ஸ்கிரிப்டைத் திறந்தேன்.

நான் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். பிறர் எழுதிய ஸ்கிரிப்டைப் படிப்பது என் பிழைப்பு. அம்மாவுடையதை அதுவரை படித்ததில்லை. ஒருமுறை அனுப்பினாள். நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் இந்தக் காலத்தில் யாரும் இப்படி எழுதுவதில்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் அனுப்பவில்லை.

நான்கு பக்கம். ஒவ்வொரு துண்டுக்கு மேலும் ஏன் என்று ஒரு குறிப்பு. 'மூன்றாம் மேஜைக்கு எழுத்து பெரிதாக. கண் சரியில்லை, சொல்லிக்கொள்ள மாட்டார்.' 'இரண்டாம் மேஜைக்கு ஒரே சமயத்தில் ஐந்துக்கு மேல் திறக்க வேண்டாம். பதறுவார்.' 'நான்காம் மேஜை: அச்சிடும் வரிசையில். குனிந்து நிமிர முடியாது.'

தேதியைப் பார்க்கும் இடமும் இருந்தது. எதிர்பார்த்ததுதான். பட்டியலின் தேதி இன்றைய தேதியாக இல்லையென்றால் திரையின் நடுவில் ஒரு பெட்டி வரும்: 'இது பழைய பட்டியல். டிரேயில் உள்ள சீட்டுகளைப் பார்த்து எழுதிவிட்டுத் திறக்கவும்.' கீழே இரண்டு பொத்தான். நிறுத்து. திற. எதை அழுத்தினாலும் நாளும் நேரமும் மேஜை எண்ணும் ஒரு கோப்பில் பதிவாகும்.

அந்தக் கோப்பைத் திறந்தேன். நான்கு மேஜை, விபத்து நாள் வரை ஒன்பது நாள். முப்பத்தாறு வரி இருக்க வேண்டும். முதல் வரி வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி இரண்டு நிமிடம், முதல் மேஜை, திற. அதை அழுத்திவிட்டுத்தான் மலர்வளையத்தோடு வந்து என் கையைப் பிடித்திருக்கிறார். அதன் பிறகு திற, திற, திற. எண்ணிக்கொண்டே போனேன். முப்பத்தேழு வரி இருந்தது. முதல் செவ்வாய்க்கிழமை நான்காம் மேஜையில் ஒரு 'நிறுத்து'. நான்கு நிமிடம் கழித்து அதே மேஜையில் 'திற'.

நான்காம் மேஜை, ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த ஓர் அம்மாள். என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்று, செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று தணிந்த குரலில் கேட்டேன். அவர் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பழைய லிஸ்ட்டுன்னு வருதே சார்னு தலைவர்கிட்ட கேட்டேன் பாப்பா. அவர் எந்திரிச்சுகூட வரல. அது தினமும் வருது, திறங்கன்னாரு. திறந்துட்டேன்."

"விசாரணையில இத சொல்வீங்களா?"

"எட்டு மாசம்தான் இருக்கு எனக்கு."

அம்மாவின் மேஜைக்குத் திரும்பினேன். அவர் ஒருவர்தான் அந்த அறையில் பெட்டியைப் படித்தவர். நான்கு நிமிடம் தாக்குப்பிடித்தார்.

இவ்வளவில் நிறுத்தியிருந்தால் என் வேலை எளிது. பெட்டி காட்டப்பட்டது, அதை அழுத்தித் தள்ளியிருக்கிறார்கள், பதிவு இருக்கிறது. ஆனால் ஸ்கிரிப்டின் மூன்றாம் பக்கத்தில் முதல் மேஜைக்கான துண்டு இருந்தது. அங்கே அம்மா கோப்பை வெறுமனே திறக்கவில்லை. கோப்பின் முகவரிக்குப் பின்னால் ஓர் அடையாளக்குறியைச் சேர்த்திருந்தாள். அப்படிச் செய்தால் கடிதம் முதல் வரியைக் காட்டாது. நேராகக் கையெழுத்து ஒட்டும் இடத்தில் திறக்கும். மேலே குறிப்பு: 'முதல் மேஜை: கையெழுத்து இடத்துக்கே திறக்கவும். மேலே உள்ளதை எப்படியும் படிக்க மாட்டார். உருட்டச் சொன்னால் கோபம் வருகிறது.'

சிரிப்பு வந்தது. அம்மா இறந்த பிறகு முதல் முறை. உடனே நின்றும் போனது. இதை விசாரணை அதிகாரி படித்தால் தலைவரின் மானம் போகும். அதோடு வேறொன்றும் தெரியும். படிக்காதவருக்குப் படிக்காமலிருக்கப் பாதை போட்டுக் கொடுத்தவள் யார் என்பது.

சித்தியிடம் சொன்னேன். அம்மாவின் தங்கை, அந்த வாரம் என்னோடு தங்கியிருந்தார். அவருக்கு எல்லாமே ஒரே வாக்கியத்தில் முடிய வேண்டும்.

"விடுடி. போனவ மேல போட்டா போனவளுக்கா வலிக்கப் போகுது? ஒரு கையெழுத்துதான, போட்டுக் குடுத்துட்டு வா."

சற்று நேரம் துணி மடித்துக்கொண்டிருந்துவிட்டு அவரே மறுபடி ஆரம்பித்தார்.

"இல்லன்னா அந்த ஒரு வரிய எடுத்துட்டு மிச்சத்தக் குடு. உனக்குத் தெரியாத வேலையா?"

தெரிந்த வேலைதான். அரை நிமிடம் ஆகாது, தடயமும் இருக்காது. இரண்டு நாள் அந்த அரை நிமிடத்தைப் பற்றியே யோசித்தேன்.

திங்கட்கிழமை முழு ஸ்கிரிப்டையும் அச்செடுத்துக் கொண்டுபோனேன். பதிவுக் கோப்பு, கண்ணாடிக்கு அடியில் இருந்த நான்கு வரித் தாள், எல்லாம். பிரிவுத் தலைவர் கோட்டுப் போட்டு வந்திருந்தார். விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. பேனாவின் மூடியைக் கழற்றாமல் நான்கு பக்கத்தையும் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். அலுவலகங்களில் இப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குச் செய்தி.

மூன்றாம் பக்கத்துக் குறிப்பைச் சத்தமாக வாசித்தார். அறையில் இருந்த இரண்டாம் மேஜைக்காரர் தன் காலணியை ஆராய ஆரம்பித்தார்.

"இது உண்மையா?"

"எனக்கு நேரம் மிச்சமாகட்டும்னு அவங்களே பண்ணதுங்க மேடம்" என்றார் தலைவர்.

"மிச்சமான நேரத்துல என்ன பண்ணீங்க?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் உதவுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. பதினோரு வருடப் பழக்கம். போதாததற்கு எனக்கு அம்மாவின் முகச்சாயல்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இந்தக் குறிப்பு உங்க அம்மாவுக்கும் நல்லதில்ல. தெரிஞ்சுதான குடுத்தீங்க?"

"தெரியும் மேடம். அவங்க எழுதினது. முழுசா இருக்கட்டும்."

நான்காம் மேஜை அம்மாளைக் கூப்பிட்டுச் செவ்வாய்க்கிழமை பற்றிக் கேட்டார்கள். ஞாபகமில்லை என்றார். பதிவுக் கோப்புக்கு ஞாபகம் இருந்தது.

அறிக்கை மூன்று வாரத்தில் வந்தது. எனக்கு வேண்டிய இடம் இரண்டு வாக்கியம். முதலாவது: 'பழைய பட்டியல் என்ற எச்சரிக்கை ஒன்பது நாட்களும் எல்லா மேஜைகளிலும் காட்டப்பட்டது, முதல் மேஜை தொடங்கி நால்வராலும் புறக்கணிக்கப்பட்டது, நிரலில் கோளாறு எதுவும் இல்லை.' இரண்டாவது: 'காலஞ்சென்ற தட்டச்சர் நல்லெண்ணத்தோடு, மற்றவர்கள் படிக்க வேண்டிய தேவையைப் பல ஆண்டுகளாகக் குறைத்து வந்தார்.' சித்தி இரண்டாவதைப் படித்துவிட்டு அழுதார். நான் அழவில்லை. இரண்டும் சரி. அந்தக் காலொடிந்த பெண்ணுக்கு இரண்டில் எதுவும் உதவாது என்பதும் சரி.

தலைவருக்கு என்ன ஆனது என்று கேட்பார்கள். வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே மேஜை இன்னும் பெரியது என்று கேள்வி.

அந்தத் திங்கட்கிழமை, விசாரணை முடிந்த கையோடு அலுவலகத்துக்குப் போய், கணினியைப் போட்டதும் ஸ்கிரிப்ட் தானாக ஓடுவதை நான்கு மேஜையிலும் எடுத்தேன். கடைசி முறையாக அதை மேலிருந்து கீழே படித்தபோது, அவசரத்தில் தாண்டிப்போன ஒரு வரி கண்ணில் பட்டது. ஒவ்வொரு கடிதமும் திறந்த பிறகு எட்டு வினாடி காத்திருக்கச் சொல்லும் கட்டளை. பக்கத்தில் குறிப்பு: 'மகள் சொன்னது.'

அது நினைவிருக்கிறது. அவள் தொலைபேசியில் கேட்டாள். ஒரு கடிதம் திறந்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து முட்டிக்கொள்கிறது, இரண்டுமே திறப்பதில்லை, என்ன செய்ய? நான் ஏதோ வேலையில் இருந்தேன். "எட்டு செகண்ட் தூங்க விடும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எட்டு என்பது வாய்க்கு வந்த எண். அந்த அலுவலகத்துக்குப் புது இயந்திரங்கள் வந்து ஆறு வருடமாகிறது. இரண்டு வினாடி தாராளம். அது அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மாற்றவில்லை. நாளுக்குப் பதினான்கு கடிதம் என்று வைத்தால், கடிதத்துக்கு ஆறு வினாடி வீண். ஒவ்வொரு காலையும் எண்பத்து நான்கு வினாடி என் வாய்க்கு வந்த எண்ணுக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

கோப்பை என் கணினிக்கு எடுத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளை முதல் டிரேக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணி இரண்டு நிமிடத்துக்குத் தொலைபேசி அடித்தது. மூன்றாம் மேஜை.

"ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வரலம்மா. எங்க எல்லாருக்குமே. என்ன திறக்கணும்னு தெரியல."

"வாசல் பக்கம் டிரே இருக்கும் சார்."

"ஆமா, ரெண்டு இருக்கு."

"மேல இருந்து ஒரு சீட்டு எடுங்க."

காலடிச் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. காகிதம் சரசரத்தது.

"எடுத்துட்டேன்."

"படிங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். நான் காத்திருந்தேன்.